குழாய் செட்டிலிருந்து டி.ஜே. செட் வரை: ஒரு தங்கவயல்காரனின் அனுபவம்



சென்ற பொங்கல் விழாவில் நம் சங்க இளைஞர்கள் டி.ஜே. நிகழ்ச்சி ஒன்றை நடத்தியதை மறந்திருக்க மாட்டீர்கள். முதல் பத்து நிமிடம் எல்லோரும் எழுந்து ஆடினோம். அடுத்த பத்து நிமிடத்தில் பெரியவர்கள் ஒவ்வொருவராகக் காதைப் பொத்திக்கொண்டு பந்திக்கு நகர்ந்துவிட்டார்கள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த நண்பர், "நீங்கள் மைக் செட் வேலை தெரிந்தவராயிற்றே! என் பையன் பிறந்தநாளுக்கு டி.ஜே. செட் கேட்கிறான். எதை வாங்கிக் கொடுப்பது?" என்றார். ரசம் வருவதற்குள் மேலும் இரண்டு பேர் அதே கேள்வியைக் கேட்டார்கள். இது ஆசிரியர் காதில் விழுந்தது. "வாயால் சொன்னதை எழுதிக் கொடுங்கள்" என்று பிடித்துக்கொண்டார்.

எனக்கு இதில் சொந்தக் கதை ஒன்று உண்டு. அதைச் சொன்னாலே கேள்விக்குப் பதிலும் வந்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பகுதியில். 2018-ல் வந்த கன்னடப் படத்துக்குப் பிறகு 'கே.ஜி.எஃப்.' என்றாலே பிள்ளைகள் துப்பாக்கியையும் சம்மட்டியையும் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு நினைவுக்கு வருவது வேறு: ஷிஃப்டுக்கு ஊதும் சங்கு, சயனைட் மேட்டிலிருந்து காற்றில் பறக்கும் வெள்ளைத் தூசு, லைன் வீட்டுக் கூரைக்கு மேலே மூங்கிலில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். என் நைனா சுரங்கத்தில் மிஷின் டிரில்லர். காற்றழுத்தத்தில் ஓடும் டிரில்லைப் பாறையில் வைத்து, வெடிமருந்துக்கு ஓட்டை போடுகிற வேலை. என் தாய்மாமா ஆண்டர்சன்பேட்டையில் மைக் செட் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் மாமாவின் எடுபிடி.

குழாய் கட்டிய காலம்

தங்கவயலுக்கு மின்சாரம் வந்த கதையை எங்கள் ஊர்க்காரர்கள் கொஞ்சம் கர்வத்தோடு சொல்வோம். 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து எங்கள் சுரங்கங்களுக்குக் கொடுத்தார்கள். பெங்களூருக்கே அதன் பிறகுதான் விளக்கு. அந்த வெளிச்சம் வெள்ளைக்காரர் பங்களாக்களுக்கு வந்த வேகத்தில் தொழிலாளர் லைன்களுக்கு வரவில்லை என்பது இன்னொரு கதை. ஆனால் நான் விவரம் அறிந்த எழுபதுகளில் மைக் செட் இல்லாத மஞ்சள் நீராட்டு விழா எங்கள் லைனில் கிடையாது.

மாமாவின் சாமான்கள் இவ்வளவுதான்: டெல்லி அகுஜா கம்பெனியின் ஆம்ப்ளிஃபையர் ஒன்று, ஹெச்.எம்.வி. பிளேயர் ஒன்று, தகரப்பெட்டி நிறைய இசைத்தட்டு, நாலு குழாய், ஒரு மைக். குழாய்கள் நாலும் நாலு தெருமுனையில் இருக்கும். அவ்வளவு தூரம் சாதாரண ஒயரில் சத்தத்தை அனுப்பினால் பாதி ஒயரிலேயே தீர்ந்துவிடும். அதனால் ஆம்ப்ளிஃபையரிலேயே டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜை ஏற்றி அனுப்பி, குழாயின் யூனிட்டில் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இறக்குவார்கள். சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததும் இதே தந்திரத்தில்தான். மாமா படித்தது ஐந்தாம் வகுப்பு. இதை எனக்கு விளக்கியவர் அவர்தான்.

குழாயைக் கட்டுவதற்கு ஒரு முறை உண்டு. ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்தவர்கள் பகலில் தூங்குவார்கள். அவர்கள் வீட்டுப் பக்கம் குழாயின் வாய் திரும்பியிருக்கக் கூடாது. கல்யாண வீட்டார் கேட்டாலும் மாமா சம்மதிக்கமாட்டார். எண்பதுகளில் கேசட் வந்ததும் இரண்டு டெக் வாங்கினார். ஒன்றில் பாட்டு ஓடும்போதே இன்னொன்றில் அடுத்த கேசட்டைப் போட்டு, ஹெட்போனில் கேட்டு, பாட்டின் முதல் அடி தொடங்கும் இடத்தில் நிறுத்தி வைத்திருப்பார். முதல் பாட்டு முடிந்த மறு நொடியில் அடுத்தது எழும். ஆடுகிறவர்களின் கால் நிற்காது.

இன்றைய டி.ஜே. செட்டின் அடிப்படையும் இதுதான்: ஊர் ஒரு பாட்டைக் கேட்கிறது, நீங்கள் மட்டும் ஹெட்போனில் அடுத்ததைக் கேட்கிறீர்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று கூல் ஹெர்க் என்ற இளைஞர் தங்கை நடத்திய விருந்தில் இரண்டு இசைத்தட்டுப் பிளேயர்களை வைத்துப் பாட்டு போட்டார். தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதி வந்தால் ஜனங்கள் அதிகம் ஆடுகிறார்கள் என்று கண்டு அந்தப் பகுதியை நீட்டினார். ஹிப்-ஹாப் பிறந்த இரவு என்று அதைக் கொண்டாடுகிறார்கள். அவரும் ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை. அவர் கையில் இருந்த ஒலிபெருக்கியும் அப்பா ஓர் இசைக்குழுவுக்காக வைத்திருந்ததுதான். படித்தபோது எனக்கு மாமா ஞாபகம் வந்தது.

அண்ணன் மகனின் பட்டியல்

நான் 1985-ல் பெங்களூருக்கு வேலைக்கு வந்துவிட்டேன். அண்ணன் சுரங்கத்திலேயே இருந்தார். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது ஒரு நாளில் நின்றது. அண்ணன் மற்றவர்களைப் போல அதிகாலை ரயிலில் பெங்களூருக்கு வந்து வாட்ச்மேன் வேலை பார்த்துவிட்டு இரவு திரும்புவார். நெஞ்சு தூசு அவரை 2014-ல் கொண்டுபோயிற்று. அண்ணி தையல் மிஷினை வைத்துக் குடும்பத்தை இழுத்து வந்தார்.

அவர்கள் மகன் 2022-ல் என்னிடம் ஒரு தாளை நீட்டினான். நாலு டாப் பாக்ஸ், நாலு டபுள் பாஸ் பாக்ஸ், அதற்கு ஆம்ப்ளிஃபையர்கள், பெரிய டி.ஜே. கன்சோல், சுழலும் விளக்குகள், புகை மிஷின். அடியில் 'மொத்தம் 10,000 வாட்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தான். தொகை நாலு லட்சத்தைத் தாண்டியது.

"சித்தப்பா, ராபர்ட்சன்பேட்டையில இருக்கிற மத்த செட்டுங்க எல்லாம் இத்தன பாக்ஸ் வெச்சிருக்காங்க. கொறச்சலா இருந்தா எவனும் கூப்பிடமாட்டான்."

"பணத்துக்கு?"

"அம்மா செயின அடகு வெச்சி அட்வான்ஸ் கட்டிடலாம். மீதி தவணை."

அந்தச் செயின் ஏற்கெனவே இரண்டு முறை அடகுக் கடைக்குப் போய் வந்தது. சுரங்கம் மூடிய வருஷம் ஒரு முறை, அண்ணனின் வைத்தியத்துக்கு ஒரு முறை. தங்கத்தை வெட்டியெடுத்த வீட்டில் மிச்சமிருந்த தங்கம் அது ஒன்றுதான். அண்ணி அடுப்படியிலிருந்து எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வேண்டாம் என்று சொன்னால் பையன் என்னை விரோதியாக நினைப்பான், சரி என்று சொன்னால் அண்ணி முகத்தில் விழிக்க முடியாது. "ரெண்டு நாள் டைம் கொடு, கணக்கு போட்டுப் பார்ப்போம்" என்றேன்.

அந்தக் கணக்கைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

வாட் என்னும் மாயை

வாட் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது. ஆயிரம் வாட்டை இரண்டாயிரம் ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். கூர்ந்து கேட்டால் தெரியும், அவ்வளவுதான். காதுக்கு 'இரண்டு மடங்கு' என்று தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும்! இது போதாதென்று பெட்டியின் மேல் அச்சிடும் எண் பெரும்பாலும் ஒரு கணம் தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தாங்கும் அளவை 'ஆர்.எம்.எஸ்.' என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கடையில் கேட்க வேண்டியது அந்த எண்ணை.

தூரம் இன்னொரு விஷயம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். பெட்டியைத் தரையில் வைத்து அலறவிட்டால் முன்வரிசைக் குழந்தையின் காது கிழியும், பின்வரிசையில் தாத்தாவுக்கு ஒன்றும் கேட்காது. டாப் பாக்ஸை ஸ்டாண்டில் ஏற்றித் தலைகளுக்கு மேலே வைத்துப் பின்வரிசையைப் பார்த்துச் சற்றே சாய்த்தால், குறைந்த சத்தத்திலேயே இருவருக்கும் கேட்கும். பாஸ் பாக்ஸ்களை மட்டும் தரையில், ஒன்றோடொன்று ஒட்டி வையுங்கள். பிரித்து வைத்தால் அரங்கின் சில இடங்களில் பாஸ் அமுங்கும், சில இடங்களில் நெஞ்சை இடிக்கும். நம் பொங்கல் விழாவில் நடந்தது இதுவே.

எங்கள் ஊர் மண்டபங்கள் பலவற்றுக்கும் வெறும் சுவர், மேலே தகரம் அல்லது காங்கிரீட். அதில் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலிதான் கூடும். ஆகவே முந்நூறு பேர் மண்டபத்துக்கு நல்ல இரண்டு டாப்பும் இரண்டு பாஸும் போதும், அவற்றையும் முதல் வருஷம் வாடகைக்கு எடுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னேன். முதல் நாள் பையன் சாப்பிடவில்லை.

எதை வாங்கினோம்

எட்டு பெட்டி இல்லாமல் டி.ஜே.யா என்று அவன் கேட்டதற்கு, பெட்டியை வாடகைக்கு எடுக்கலாம், கையை வாடகைக்கு எடுக்க முடியாது என்றேன். கை பழக வேண்டிய சாமான் மட்டும் சொந்தமாக இருக்கட்டும்.

முதலில் ஹெட்போன். இதில் கஞ்சத்தனம் கூடாது. காதை முழுதாக மூடுவதாக, ஒரு பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளக் கூடியதாக, ஒயர் உள்ளதாக இருக்க வேண்டும். புளூடூத் ஹெட்போன் பாட்டுக் கேட்க நல்லது, டி.ஜே. வேலைக்கு ஆகாது. சத்தம் சற்றுத் தாமதமாக வந்து சேருவதால் தாளம் சேராது.

அடுத்தது கன்சோல். 1972-ல் ஜப்பானில் டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 என்ற பிளேயர் வந்தது. பெல்ட் இல்லாமல் மோட்டாரே தட்டைச் சுழற்றும் வகை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், விரலால் நிறுத்தி விட்டால் உடனே பழைய வேகத்துக்கு வரும். உலகத்து டி.ஜே.க்களின் கை அதில்தான் பழகிற்று. இப்போது இசைத்தட்டு வேண்டாம். கம்ப்யூட்டரில் பாட்டு, மேசையில் 'கன்ட்ரோலர்' என்ற பலகை. அதில் இரண்டு வட்டச் சக்கரங்கள், நடுவில் மிக்சர். பார்க்க விளையாட்டுச் சாமான் போல இருக்கும்.

நாங்கள் வாங்கியது பயனியர் டி.டி.ஜே.-400, ஒருவர் உபயோகித்தது, 18,000 ரூபாய். 2018-ல் வந்த மாடல் அது. இப்போது அதன் இடத்தில் டி.டி.ஜே.-எஃப்.எல்.எக்ஸ்.4 வந்துவிட்டது. ஆரம்பக்காரருக்கு இந்த வரிசை போதும். பெயர் எதுவானாலும் பழையது வாங்கும்போது இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். நெம்புகளை மெதுவாக ஏற்றி இறக்கும்போது கரகரப்பு வருகிறதா? யு.எஸ்.பி. சொருகும் இடம் ஆடுகிறதா? சக்கரத்தைத் தொட்டால் திரையில் பாட்டு உடனே நிற்கிறதா? உங்கள் கம்ப்யூட்டரில் இன்றைய மென்பொருளோடு அது வேலை செய்கிறதா? கடைசிக் கேள்வியை விற்பவர் முன்னிலையிலேயே சோதித்துவிட வேண்டும். பலகை நன்றாக இருந்தும் மென்பொருள் கைவிட்டதால் மூலையில் கிடக்கும் சாமான்கள் நிறைய.

இந்தச் சிறிய பலகைகளில் ஒரு குறை உண்டு. வெளியே போகும் வழி ஆர்.சி.ஏ. எனும் வீட்டு டேப்ரெக்கார்டர் வகை சொருகிதான். எக்ஸ்.எல்.ஆர். எனும் மேடை வகை பெரிய கன்சோல்களில்தான் இருக்கிறது. ஆர்.சி.ஏ. ஒயரைப் பதினைந்து, இருபது மீட்டர் இழுத்தால் வழியிலுள்ள கரண்ட் இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டு வரும். எங்கள் முதல் கல்யாணத்தில் இதுதான் நடந்தது. மணமக்கள் மேடையேறும் நேரம், பெட்டிகளில் 'ம்ம்ம்' என்று ஒரே ரீங்காரம். சமையல்கட்டு மிக்சி ஓடும்போதெல்லாம் அது கூடிற்று. பையன் வியர்த்துப் போனான். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கச் சொன்னேன், ரீங்காரம் பாதியாயிற்று. லேப்டாப்பும் ஆம்ப்ளிஃபையரும் வெவ்வேறு பிளக்கில், வெவ்வேறு எர்த்தில் இருந்தால் வரும் வியாதி இது. மறுநாளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பெட்டி இரண்டு வாங்கினோம். கன்சோலிலிருந்து அதற்குச் சிறிய ஒயர், அங்கிருந்து பெட்டிவரை எக்ஸ்.எல்.ஆர். ஒயர். மாமா குழாய்க்கு வைத்த அதே டிரான்ஸ்ஃபார்மர் வித்தை, வேறு வேஷத்தில்! லேப்டாப்பும் கன்சோலும் சின்ன யு.பி.எஸ்.ஸில் இருந்தால், ஜெனரேட்டர் மாறும் நேரத்தில் பாட்டு தொடக்கத்துக்கு ஓடாது.

லேப்டாப் புதிதாக வேண்டியதில்லை. எஸ்.எஸ்.டி. உள்ளதாக, 8 ஜி.பி. நினைவகம் உள்ளதாக இருந்தால் சரி. நிகழ்ச்சிக்கு முன்னால் இன்டர்நெட்டைத் துண்டித்து, தூங்கப்போகும் வசதியையும் தானாகப் புதுப்பிக்கும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். பாதிப் பாட்டில் திரை நீலமாகி 'சற்றுப் பொறுங்கள்' என்று சொன்னால் பெண் வீட்டார் பொறுக்கமாட்டார்கள். செல்போனில் நாற்பது பாட்டு ஏற்றி, அதற்குரிய ஒயரோடு தயாராக வைத்திருப்பது எங்கள் வழக்கம்.

மென்பொருளும் நம் பாட்டும்

பயனியரின் ரெக்கார்ட்பாக்ஸ் மேலே சொன்ன பலகைகளைச் சொருகினால் தனிக் கட்டணமின்றி வேலை செய்யும். நியூசிலாந்துக்காரர்களின் செராட்டோ, ஜெர்மனியின் டிராக்டர், விர்ச்சுவல் டி.ஜே. என்று வேறு பலவும் உண்டு. விர்ச்சுவல் டி.ஜே. வீட்டில் பழகுவதற்கு இலவசம், தொழிலுக்குப் போனால் உரிமம் வாங்க வேண்டும். முழுக்க இலவசமாக வேண்டுமென்றால் மிக்ஸ் என்ற திறந்தநிலை மென்பொருள் இருக்கிறது. எங்கள் பலகை அதிலும் ஓடுகிறது. எது சிறந்தது என்று இளைஞர்கள் விடிய விடியச் சண்டை போடுவார்கள். என் அபிப்பிராயத்தில், பலகையோடு எது வருகிறதோ அதிலேயே ஆறு மாதம் பழகுவது உத்தமம்.

நம்மவர்களுக்கு உண்மையான சிக்கல் வேறிடத்தில். இந்த மென்பொருள்கள் ஒரு பாட்டை வாங்கியதும் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று எண்ணி, பாட்டின் மேல் கட்டம் போட்டுக்கொள்ளும். 'சிங்க்' பொத்தானை அழுத்தினால் இரண்டு பாட்டின் கட்டங்களும் பொருந்தி, தாளம் ஒன்றாக ஓடும். கம்ப்யூட்டரில் செய்த இன்றைய பாட்டுகளுக்கு இது அற்புதம். ஆனால் எழுபது, எண்பதுகளின் பாட்டுகளை எத்தனையோ வாத்தியக்காரர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள். மனிதக் கை சரணத்தில் சற்று வேகமெடுக்கும், முடிவில் தளரும். அதுதான் அந்தப் பாட்டின் உயிரும்கூட. கட்டமோ அசையாது. இருபது நொடியில் இரண்டு பாட்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு, படிக்கட்டில் தகரக் குடம் உருள்வது போல இருக்கும்.

திஸ்ர நடைப் பாட்டுகளில் இன்னொரு வேடிக்கை. நம் ஊர் குத்துப்பாட்டில் பலதும் மூன்று மூன்றாக நடப்பவை. நிமிடத்துக்கு 80 தட்டு ஓடும் பாட்டை மென்பொருள் 120 என்று எண்ணிவிடும். ஒவ்வொரு தட்டுக்குள்ளும் மூன்று சிறு தட்டு, ஆக 240. அதை இரண்டிரண்டாகக் கூட்டினால் 120! அதை நம்பி 120-ல் ஓடும் இங்கிலீஷ் பாட்டோடு சேர்த்தால், ஆடுகிறவர்கள் எந்தக் காலை எடுப்பதென்று தெரியாமல் நிற்பார்கள்.

பையனுக்கு நான் கொடுத்த யோசனை, பழைய பாட்டுக்கு சிங்க் வேண்டாம், மாமா மாதிரி செய் என்பதுதான். பல்லவி திரும்பி முடியும் இடத்தைத் தெரிந்துவைத்துக்கொள். அடுத்த பாட்டின் தாளம் எழும் முதல் அடியில் குறி போட்டுவை. இது முடிந்த அந்த நொடியில் அதை விடு. குறி போடும் வசதி எல்லா மென்பொருளிலும் உண்டு. மாமாவுக்கு அது பென்சிலால் கேசட்டைச் சுற்றுவது. இவனுக்கு ஒரு பொத்தான். சுமார் இருநூறு பாட்டுக்கு அவன் உட்கார்ந்து குறி போட்டான். ஒரு மாதம் ஆயிற்று. உரிகாம்பேட்டையில் நடந்த ஓர் அறுபதாம் கல்யாணத்தில் அதன் பலனைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற சுரங்கத்தொழிலாளர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், முழங்கால் வலியை மறந்து முக்கால் மணி நேரம் உட்காரவேயில்லை. பேரன் பேத்திகள் செல்போனில் படம் பிடித்தார்கள். இரண்டு பெட்டிதானே என்று ஒருவரும் எண்ணவில்லை.

பாட்டுக் கோப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. வீடியோவிலிருந்து உரித்தெடுத்த மலிவு எம்.பி.3 செல்போனில் நன்றாகக் கேட்கும். பெரிய பெட்டியில் போட்டால் தண்ணீருக்கடியில் பாடுவது போலிருக்கும். 320 கே.பி.பி.எஸ். அளவில் முறையாக வாங்கி வைத்துக்கொள்வதே நல்லது. மீட்டரில் சிவப்பு விளக்கு எரியவே கூடாது. சிவப்பில் ஓடினால் ஒலியலையின் தலை வெட்டுப்பட்டு, பெட்டியின் உச்ச ஸ்தாயி காயில் கருகும். வாடகைப் பெட்டியின் காயிலுக்கு நஷ்டஈடு யார் கட்டுவது என்று எனக்கும் அவனுக்கும் ஒரு முறை சண்டையே வந்தது.

காது

நாலு லட்சம் இல்லாமல், லேப்டாப்போடு சேர்த்து ஐம்பதாயிரத்துக்குள் முடித்தோம். செயின் அண்ணி கழுத்திலேயே இருந்தது. இரண்டு வருஷ வருமானத்தில் அவனே சொந்தமாக இரண்டு டாப் வாங்கிவிட்டான். கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம்.

ஆனால் போன வருஷம் ஒரு ஞாயிறு காலை சாதாரணமாகச் சொன்னான்: "நிகழ்ச்சி முடிஞ்சி வந்து படுத்தா காதுல கொய்ங்குன்னு சத்தம் சித்தப்பா. காலைல சரியாப் போயிடும். இந்த வாட்டி மூணு நாளா போகல."

எனக்குக் கையில் இருந்த காப்பி இறங்கவில்லை. நைனா சொன்ன வார்த்தை அது. "காதுக்குள்ள சில்வண்டு கத்துது" என்பார். பாறை டிரில்லின் சத்தம் 110 டெசிபலுக்கும் மேல். குறுகலான இடத்தில், பாறை அதைத் திருப்பியடிக்க, அவர் பஞ்சுகூட வைக்காமல் இருபத்தாறு வருஷம் வேலை செய்தார். வீட்டில் எல்லோரும் அவரிடம் கத்தித்தான் பேசுவோம். மாமா குழாயை அவ்வளவு சத்தமாக வைத்ததற்கே அதுதான் காரணமோ என்று பின்னாளில் தோன்றியதுண்டு. கேட்டவர்களில் பாதிப்பேர் டிரில்லர்கள்.

கணக்கைப் பாருங்கள். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது நிபுணர்களின் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று, 100 டெசிபலுக்கு வெறும் பதினைந்து நிமிடம். கல்யாண வீட்டில் பாஸ் பாக்ஸுக்குப் பக்கத்தில் நாலு மணி நேரம் நின்றால் என்ன ஆகும்? இத்தனை வருஷம் ஒலிபெருக்கியோடு பழகிய நான், ரீங்காரத்தைப் பற்றி, காயிலைப் பற்றி, ஒயரைப் பற்றி எல்லாம் சொன்னேன். இதை அவனுக்கு முதல் நாளே சொல்லவில்லை.

காது டாக்டரிடம் அழைத்துப்போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். கோடு நேராக வந்து, 4,000 ஹெர்ட்ஸ் வரும் இடத்தில் பள்ளமாக இறங்கிற்று. சத்தத்தால் வரும் கேட்புக் குறைவின் அடையாளம் அதுதானாம். இடது காதில் அதிகம். பெட்டி அவனுக்கு இடப்பக்கம் இருக்கும், வலக் காதில் ஹெட்போன். போன கேள்வி திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

இப்போது அவன் இசைக்காரர்கள் வைத்துக்கொள்ளும் வகைக் காதடைப்பு வைத்துக்கொள்கிறான். பஞ்சு போல எல்லாவற்றையும் அமுக்காமல், எல்லா ஸ்தாயியையும் சமமாகக் குறைப்பது அது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொஞ்சம் ஆயிற்று. மேசையைப் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளிப் போடுகிறான். செல்போனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றை ஏற்றி, ஆடுமிடத்தில் 95-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறான். செல்போன் அளவு துல்லியமில்லை என்றாலும் ஒரு மட்டுக்கு உதவும். தெருவில் நடக்கும் நிகழ்ச்சியை இரவு பத்துக்கு நிறுத்திவிடுகிறான். 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. "இன்னும் ஒரு பாட்டு" என்று கெஞ்சுபவர்களிடம் போலீஸ் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறான்.

டாக்டரிடமிருந்து திரும்பும்போது ரயிலில் கேட்டான்: "தாத்தாவுக்கும் எடது காதா சித்தப்பா?"

"ரெண்டும்" என்றேன். பங்காரப்பேட்டை வரை இருவரும் பேசவில்லை.

பந்தியில் கேட்ட நண்பர்களுக்கு: பையனுக்கு வாங்கும் பட்டியலில் முதல் வரியில் காதடைப்பை எழுதிவிட்டு மற்றதை எழுதத் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் சங்க நூலகத்தில்தான் இருப்பேன். பட்டியலோடு பையனையும் அழைத்து வாருங்கள், பெண் பிள்ளைகளும் வரலாம். சென்ற மாதம் ஒரு பெண் வந்தாள். திஸ்ரக் கணக்கை என்னைவிட வேகமாகப் போட்டாள்.